எத்தனை பேர் உட்காரணும்?

எதிர் வீட்டுப் பழைய கார் போன வாரம் நாற்சந்தியின் நட்டநடுவில் உயிரை விட்டதையும், பின்னால் வந்த பஸ் டிரைவர் திட்டுவதற்கென்றே இறங்கி வந்து, கார்க்காரர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனதையும் நான் எழுதிப் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எதிர் வீட்டுக்காரர் சர்வேயர். ஊரார் நிலத்தை அளப்பவர். சட்டை இல்லாமல்கூட வாசலுக்கு வருவார், கையில் டேப் இல்லாமல் வரமாட்டார். அவர் மனைவி தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். யாருக்கு மூலம், யாருக்கு மூட்டுவலி, யார் தூக்க மாத்திரை வாங்குகிறார்கள் என்று தெருவின் மொத்த ரகசியமும் அவளிடம் இருக்கிறது. ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. இந்த ஒரு குற்றத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

மூத்த மகள், எல்லாருக்கும் 'பெரியவள்'. எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு முடித்திருக்கிறாள். எங்கேயோ தூரத்து நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். போயும் போயும் யாரிடம் சொல்கிறது பாருங்கள் அந்தப் பெண்!

சின்னவள் இல்லை. போன மழைக்காலத்தோடு போய்விட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்லாமல் காரைப் பற்றிச் சொல்ல முடியாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சக்கர நாற்காலிதான். எதிர் வீட்டு கேட்டைத் திறந்தால் இடது பக்கம் படி, வலது பக்கம் கார் நிறுத்தும் இடம், இரண்டுக்கும் நடுவே சிமென்ட்டில் ஒரு சாய்தளம். அந்த வீட்டில் அதற்குப் பெயர் சறுக்கு. அதைக் கட்டும்போது சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கொத்தனாரைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமில்லை. "இந்தப் பக்கம் மேடா இருக்கு. அந்தப் பக்கம் இன்னும் இழைக்கணும்." அந்த மனிதர் கடைசியில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "நீங்க சொன்னா சரிதாங்க மேஸ்திரி" என்று கும்பிட்டார். அன்றிலிருந்து தெருவுக்கே அவள் மேஸ்திரி.

சிமென்ட் காய்வதற்குள் மேலே ஏறிவிட்டாள். எல்லாரும் கத்தினோம். "என் ரோடு. நான்தான் திறந்து வைக்கணும்" என்றாள். சறுக்கில் இரண்டு சக்கரத் தடங்கள் மேலிருந்து கீழ்வரை இன்றைக்கும் பதிந்து கிடக்கின்றன. மழை பெய்தால் அந்த இரண்டு கோட்டில் மட்டும் தண்ணீர் ஓடும்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

காலையில் நான் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடிக்கடி துடைப்பேன், என் வீட்டு ஜன்னல் கம்பிகளைப் போலச் சுத்தமானவை தெருவிலேயே கிடையாது. சர்வேயர் கேட்டுக்கும் சறுக்குக்கும் நடுவே டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

பழைய காருக்குப் பதிலாக வாங்கலாமென்று பார்த்து வைத்திருந்த வண்டிகள் இரண்டு. இரண்டையும் எஸ்யூவி என்றுதான் விளம்பரம் சொல்கிறது. ஒன்று பெரிசு, மூன்று வரிசை இருக்கை, டிக்கியில் ஒரு குடித்தனமே நடத்தலாம். இன்னொன்று அதற்குத் தம்பி மாதிரி. முகத்தில் அதே முறைப்பு, உடம்புதான் குட்டை. ஐந்து பேர் உட்காரலாம் என்று போட்டிருப்பார்கள். ஐந்தாவது ஆள் மூச்சு விடக்கூடாது.

பக்கத்து வீட்டு மாடி பால்கனியிலிருந்து பல் டாக்டர் குரல் கொடுத்தார். "பெரிசே எடுங்க சார்! மலையெல்லாம் சும்மா ஏறும்!"

"இங்க ஏது சார் மலை?"

"இல்லாட்டி என்ன? ஏறும்ல!"

சர்வேயர் டேப்பை விட்டார். டேப் சரக்கென்று உள்ளே சுருண்டது. கேட்டில் சாய்ந்து நின்ற மனைவியைப் பார்க்காமலேயே சொன்னார்: "பெரிசு உள்ள வரணும்னா சறுக்கை எடுக்கணும்."

"எடுக்கணும்னா?"

"உடைக்கணும்."

"அதை நேராச் சொல்ல வேண்டியதுதானே."

"கொத்தனார்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல வர்றேன்னாரு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்பே."

"அப்போ சின்ன வண்டி வாங்குங்க. அது உள்ள வரும்ல?"

"வரும். சறுக்கு இருந்தாலும் வரும்."

"அப்புறம் என்னவாம்?"

"அதுல அவ சேர் போகாது."

அவள் கணவனையே பார்த்தாள். அவர் டேப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

இந்தச் சேர் விவகாரத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. செத்துப்போன அந்தக் காரின் டிக்கியில் சக்கர நாற்காலி போகாது. மடித்து, காரின் கூரையில் கயிறு போட்டுக் கட்டுவார்கள். மழை வந்தால் நனையும். இறங்குகிற இடத்தில் ஈர நாற்காலியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து உட்காருவாள் மேஸ்திரி. "அப்பா, உன் வண்டில எனக்குத்தான் குடை இல்லை" என்பாள். பெரிய வண்டி வாங்கித் தருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். சும்மா சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் ஷோரூம் ஷோரூமாகப் போய் டிக்கி டிக்கியாக அளந்தார். உயரம், அகலம், கதவு எவ்வளவு தூரம் மேலே போகிறது, உள்தரை சமமா மேடா எல்லாம் பார்த்தார். "அடுத்து ஒரு மாடல் வருதாம், அதையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். நிலத்தை அளப்பவருக்கு ஓர் அங்குலம் தப்பினாலும் தூக்கம் வராதே. பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேராகத் திரும்பி வந்தார்களே, அன்றைக்குப் பெரியவள் ஓட்ட, அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மருந்துக்கடைக்காரிக்கு ஓட்டத் தெரியாது. போன வாரம் நாற்சந்தியில் நின்றபோதும் ஓட்டிக்கொண்டிருந்தது பெரியவள்தான்.

ஷோரூமில் நடந்ததை எனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

மத்தியானம் டாக்ஸி பிடித்து மூன்று பேரும் போனார்கள். கண்ணாடிச் சுவர், வழுக்குகிற தரை, கார்களுக்கு மேலே நகைக்கடை மாதிரி விளக்கு. ஒரு விற்பனைப் பெண் பல்லெல்லாம் தெரிய வரவேற்றாள். நல்ல பெண்தான், பாவம். அவளுக்கு என்ன தெரியும்?

"வாங்க சார், வாங்க மேடம். முதல்ல ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. வண்டில எத்தனை பேர் உட்காரணும்?"

"நாலு" என்றார் அவர்.

"மூணு" என்றாள் அவள்.

ஒரே நேரத்தில் சொன்னார்கள். விற்பனைப் பெண் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சிரித்துச் சமாளித்தாள். "நாலாவது ஆள் வரப்போறாங்களா? வாழ்த்துகள் மேடம்!"

பெரியவள் தரையைப் பார்த்தாள். சரியான விடை இரண்டு. அது அந்த இடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சர்வேயர் நேரே பெரிய வண்டியின் பின்பக்கம் போனார். விற்பனைப் பெண் ஒரு காலை வண்டிக்கு அடியில் நீட்ட, டிக்கி கதவு தானாக மேலே எழுந்தது. அவர் டேப்பை எடுத்தார். குறுக்கே வைத்தார், நெடுக்கே வைத்தார். மூன்றாம் வரிசையை மடிக்கச் சொல்லி மறுபடி வைத்தார். பிறகு நிமிர்ந்தார். அந்த முகத்தை எனக்குச் சொன்னவர் இரண்டு தடவை விவரித்தார்.

"சேரை மடிக்கவே வேண்டாம்மா" என்றார் மனைவியிடம். "சேரை அப்படியே தள்ளி ஏத்திடலாம். மடக்கக்கூட வேண்டாம். கயிறே வேண்டாம்."

விற்பனைப் பெண்ணுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வீல்சேரா சார்? அதுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது! அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே? ஒரு தடவை உட்கார வச்சே பாத்துடலாம்!"

எங்கேயோ ஒரு காரின் கதவை யாரோ சாத்தும் சத்தம் கேட்டது. சாத்தியது மருந்துக்கடைக்காரிதான். சின்ன வண்டிக்குள் போய் உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் மறுபக்கம் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். புது வண்டி வாசனை. இருக்கைகளின் மேலிருந்த பிளாஸ்டிக் உறை நெறுநெறுத்தது.

"இது நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அம்மா, முன் கண்ணாடியைப் பார்த்தபடி.

"நல்லா இருக்கும்மா."

"மூணு பேருக்கு இது போதும். நீதானே ஓட்டப்போறே. உனக்கும் சுலபம். சந்துல பொந்துல திருப்பிடலாம்."

"ம்."

"சறுக்கை உடைச்சிட்டா, அவ அந்த வீட்டுல இருந்தான்றதுக்கு வேற என்னடி இருக்கு? துணி எல்லாம் குடுத்தாச்சு. கட்டில் குடுத்தாச்சு. அந்த ரெண்டு கோடுதான் பாக்கி. உங்கப்பாவுக்கு அதைக்கூட உடைக்கணும்."

"அப்பா அதுக்காக இல்லம்மா..."

"எதுக்காகவோ. உடைக்கிறாரா இல்லையா?"

பெரியவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். "அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

டொக் டொக்கென்று கண்ணாடி தட்டப்பட்டது. விற்பனைப் பெண் குனிந்து சிரித்தாள். "மேடம், ஏசி போட்டுக் காட்டட்டுமா? ரெண்டே நிமிஷத்துல ஐஸ் மாதிரி ஆயிடும்."

ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது.

எதையும் முடிவு செய்யாமல் திரும்பினார்கள். "சாயந்திரத்துக்குள்ள ஒரு போன் போட்டுச் சொன்னா போதும் சார்" என்று அந்தப் பெண் வாசல்வரை வந்து வழியனுப்பினாளாம். டாக்ஸியிலிருந்து இறங்கும்போது மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

வீட்டுக்குள் போனதும் ஆரம்பித்தது. அவர்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. என் வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது. காற்று எந்தப் பக்கம் வீசும் என்பது நம் கையிலா இருக்கிறது?

"அவளுக்கு இடமே இல்லாத வண்டியை நான் எப்படிம்மா வாங்குவேன்?" இது அவர்.

"இடம் இருந்தா? இடம் இருந்தா வந்து உட்காருவாளா?"

"நான் அவளுக்குச் சொல்லியிருக்கேன்."

"எப்போ சொன்னீங்க? எத்தனை வருஷம் சொன்னீங்க? அளந்தீங்களே, ஊர்ல இருக்கிற டிக்கியெல்லாம் அளந்தீங்களே! வீட்டுக்கு ஒரு வண்டி வந்துச்சா?"

"தப்பா வாங்கிடக் கூடாதேன்னுதான்..."

"தப்பா வாங்கியிருந்தாலும் அதுல உட்கார்ந்திருப்பாளே! வண்டியை அளந்தீங்க. அவகிட்ட எவ்வளவு நாள் பாக்கி இருக்குன்னு அளந்தீங்களா?"

நான் இதுவரை எத்தனையோ வீட்டுச் சண்டைகளைக் கேட்டிருக்கிறேன். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருக்கும் சுவாரசியமே தனி. அன்றைக்கு அடுத்த வார்த்தை வரவே வேண்டாம் என்றிருந்தது.

சர்வேயர் வெளியே வந்தார். கையில் டேப் இல்லை. அந்த மனிதரை வெறுங்கையோடு பார்ப்பது, கண்ணாடி போட்டவரைக் கண்ணாடி இல்லாமல் பார்ப்பது மாதிரி இருந்தது. படியில் இறங்கியிருக்கலாம். சறுக்கில் இறங்கினார். பாதியில் நின்றார். அந்த இரண்டு தடங்களையும் மிதிக்காமல் நடுவில் கால் வைத்து, குழந்தை விளையாட்டில் கோடு தாண்டுகிற மாதிரி மெல்லக் கீழே வந்தார்.

கொஞ்ச நேரத்தில் மருந்துக்கடைக்காரி பெரியவளையும் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று கடைப்பக்கம் போனாள். சனிக்கிழமை சாயந்திரம் கடையைத் திறந்தாக வேண்டும், ஊருக்கு இருமல் நிற்காதே. போகும்போது கணவனைப் பார்க்கவில்லை.

அவர் தெருவில் இப்படியும் அப்படியும் நடந்தார். என் கேட்டுக்கு முன்னால் வந்து நின்று போனை எடுத்தார். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"கொத்தனாரா? நான் சர்வேயர் பேசறேன். நாளைக்கு வர வேண்டாம்... இல்லை, ஒத்திப் போடலை. வேண்டாம். உடைக்கலை." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமா, நம்ம மேஸ்திரி சொன்ன மாதிரிதான் கட்டினீங்க. நல்லாத்தான் இருக்கு. மழைல கூட வழுக்கலை."

போனை வைத்தபின் செடியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. செடிக்குப் போதும் போதுமென்று தண்ணீர் வழிந்து அவர் செருப்பு நனைந்தது. அதையும் பார்க்கவில்லை.

இருட்டுவதற்கு முன்பே மருந்துக்கடைக்காரி திரும்பி வந்துவிட்டாள். கூடவே பெரியவள். அவர் சறுக்கின் அடியில் உட்கார்ந்திருந்தார். மனைவியைக் கண்டதும் எழுந்தார்.

"நான் யோசிச்சுப் பாத்தேன். நீ சொல்றதுதான் சரி. கொத்தனாரை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். சறுக்கு இருக்கட்டும். சின்னதே வாங்கிக்கலாம்."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ!"

"என்ன?"

"நான் பெரிசுன்னு சொல்லிட்டேனே!"

"யார்கிட்ட?"

"அந்த ஷோரூம் பொண்ணுகிட்டதான். கடைலேர்ந்து போன் பண்ணி, பெரிசே போட்டுடுங்கன்னுட்டேன். அவளும் சரின்னு போட்டுட்டா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க குடுத்த வாக்கு. அது இல்லாம உங்களால இருக்க முடியாதுங்க. சறுக்கைத்தானே... உடைச்சுக்கோங்கன்னு சொல்லத்தான் ஓடி வர்றேன்."

இரண்டு பேரும் கேட்டைப் பார்த்தார்கள். சறுக்கைப் பார்த்தார்கள்.

"பெரிசு உள்ள வராதே" என்றார் அவர்.

"வராது."

அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மழைக்காலத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் சிரிப்புச் சத்தம் அன்றைக்குத்தான் கேட்டது. அவரும் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எந்த இடத்தில் அது மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் முகத்தை அவர் சட்டையில் புதைத்தபோதும் முதுகு அதே மாதிரிதான் குலுங்கிக்கொண்டிருந்தது.

"மாத்திச் சொல்லிடவா?" என்று கேட்டாள் கடைசியில், மூக்கை உறிஞ்சியபடி.

"வேண்டாம்."

"கொத்தனாரை?"

"அதுவும் வேண்டாம்."

"அப்போ வண்டி எங்க நிக்கும்?"

"தெருவுல நிக்கட்டும். அதுக்கென்ன? கூரைல நனைஞ்சுதே அவ சேர், இது நனையட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு சுறுசுறுப்பு. "அவ சேரைப் பின்னாடி வச்சிடலாங்க. சும்மா கிடக்கட்டும் அங்கேயே. நான் முன்னாடி, நீங்க நடுவுல. பெரியவ ஓட்டட்டும். ஞாயித்துக்கிழமைன்னா எங்கேயாவது போயிட்டு வரலாம். என்னடி, ஓட்டுவேல்ல?"

பெரியவள் வாயைத் திறந்தாள். ஷோரூமில் கண்ணாடி தட்டப்பட்டபோது நின்றுபோன பேச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லடி என்று மனசுக்குள் கத்தினேன். சொல்லாதே என்றும் கத்தினேன்.

"ஓட்டறேன்மா" என்றாள்.

சர்வேயர் உள்ளே ஓடிப்போய் டேப்பையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு வந்தார். வண்டி நிற்கப்போகும் இடத்தை அளந்து குறித்தாக வேண்டுமாம், இருட்டுவதற்குள். தெருவில் மண்டியிட்டு ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு நீண்டு, வளைந்து, என் வீட்டு கேட்டில் பாதியை மறித்துக்கொண்டு நின்றது. வேறு நாளாக இருந்தால் தெருவே திரளும்படி செய்திருப்பேன். கேள்வி கேட்கத்தான் கீழே இறங்கினேன். பெரியவள் முகத்தைப் பார்த்தேன். நனைந்த செருப்போடு மண்டியிட்டிருந்த அவரையும் பார்த்தேன். தண்ணீர்க் குவளையை எடுக்க வந்தவள் மாதிரி எடுத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"இந்த முனையைப் பிடிம்மா" என்றார் மகளிடம். சின்ன வயசிலிருந்து அவர் டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் அவள்தான். "இறுக்கிப் பிடி. லேசா விட்டாலும் அளவு தப்பிடும்."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் டேப்பை இழுத்துக்கொண்டே பின்னால் பின்னால் போனார்.

அவள் பையில் போன் அடித்தது. அந்தத் தூரத்து ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும்.

"போன் அடிக்குதே, யாரு பாரு" என்று வாசலிலிருந்து சொன்னாள் அம்மா.

"அப்புறம் பாக்கறேன்மா."

"அந்த ஷோரூம் பொண்ணா இருக்கப் போகுது."

"இல்லம்மா. அவங்க இல்லை."

போன் விடாமல் அடித்தது. அவள் கை டேப்பின் முனையிலேயே இருந்தது. தெருக்கோடியில் மண்டியிட்டிருந்த அப்பா கோட்டை முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்து, "விட்டுடாதே!" என்று கத்தினார்.

"விடலைப்பா" என்றாள் பெரியவள்.